விரல் ஒத்திசைவு

தம்பி, தப்பா நினைக்காதீங்க. பஸ் ஆலங்குளம் தாண்டுனதுல இருந்து உங்க கையத்தான் பாத்துட்டு வாரேன். போன்ல நல்லாத் தள்ளுதீங்க. வேகம் இருக்கு, நெளிவு இருக்கு. ஆனா விரல் கண்ணாடியில படுது. படக் கூடாது. போனுக்குப் பரவாயில்ல, சொந்த உபயோகம். வகுப்புல போர்டு முன்னால நின்னு இப்படித் தள்ளுனீங்கன்னா மார்க்கு போயிரும்.

நான் யாருன்னு நீங்க கேக்கல்ல. பரவாயில்ல, சொல்லுதேன். பேரு ஆவுடையப்பன். ஒரு பி.எட். காலேஜ்ல, வாத்தியாராப் போற பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்தச் சொல்லிக்குடுக்கேன். கணக்கு இல்ல, பாத்துக்கிடுங்க, கணக்கை நடத்துறது. ரெண்டும் வேற. அதுலயும் நமக்குத் தொழில்நுட்பம்தான் ஸ்பெஷல். எங்க பக்கத்துல டெக்னாலஜி சாருன்னு கேட்டா என்னத்தான் காட்டுவாங்க. இப்பக்கூட தென்காசிப் பக்கம் ஒரு காலேஜ்ல பயிற்சி குடுத்துட்டுத்தான் திரும்புதேன். பொன்னாடை போத்துனாங்க. பையில இருக்கு.

அந்தப் பயிற்சியிலதான் மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாப் போச்சு. அதச் சொல்லணும்னா என்கிட்டப் படிச்ச முப்பிடாதியச் சொல்லணும். முப்பிடாதியச் சொல்லணும்னா போர்டு வந்த கதையில இருந்து ஆரம்பிக்கணும். நீங்க திருநெல்வேலிதான போறீங்க? நேரம் இருக்கு.

எங்க காலேஜுக்கு டச் போர்டு வந்த புதுசுல ஒரு பெரிய மனுஷர் விருந்தாளியா வந்தாரு. தாளாளர், அதான் காலேஜ் முதலாளி, என்னைக் கூப்பிட்டு, சார், இவருக்கு ஒரு வட்டம் போட்டுக் காமிங்கன்னாரு. நான் தொட்டேன். போர்டு நடுவுல ஒரு சின்ன வளையம் வந்து சுத்த ஆரம்பிச்சுட்டு. சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே கிடக்கு. விருந்தாளி அதத்தான் வட்டம்னு நினைச்சுக் கைதட்டிட்டாரு. தாளாளர் தட்டல்ல. எனக்குச் சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு.

அன்னைக்கு ஒரு முடிவு எடுத்தேன். மிஷினை நம்பிப் பாடம் நடத்தக் கூடாது. தொழில்நுட்பம்னா முதல்ல மானம் போகாம இருக்கணும். போர்டு மாட்ட வந்த கம்பெனிக்காரர் இருந்தாருல்லா, அவரைப் பிடிச்சு உக்கார வச்சு, வட்டம், முக்கோணம், சாய்வுன்னு ஒவ்வொரு பாடமா மென்பொருள்ல போட்டு, புள்ளியப் பிடிச்சு இழுக்கச் சொன்னேன். அவரு இழுக்க இழுக்க அது அப்படியே வீடியோவாப் பதிவாச்சு. பென் டிரைவ்ல வாங்கிட்டேன். அன்னையில இருந்து எங்க காலேஜ்ல ஒரு பாடம் நின்னது கிடையாது.

எப்படின்னா, வீடியோ பாட்டுக்கு ஓடும். ஆசிரியர் முன்னால நின்னு, புள்ளி எங்க போகுதோ அங்க விரலைக் கொண்டு போகணும். பாக்கிறவங்களுக்கு ஆசிரியர்தான் புள்ளிய இழுக்கிற மாதிரி இருக்கணும். லேசுன்னு நினைக்காதீங்க. விரல் பின்தங்குச்சுன்னா புள்ளி ஆசிரியரை இழுத்துட்டுப் போற மாதிரி ஆயிரும், அது பாக்கவே அசிங்கம். விரல் முன்னால போகணும். ரொம்ப முன்னாலயும் போகக் கூடாது. கண்ணாடியில பட்டா வீடியோ நின்னுரும், அதனால ஒரு அரிசி இடைவெளி விடணும். இதுக்கு விரல் ஒத்திசைவுன்னு நான்தான் பேரு வச்சேன். செய்முறைத் தேர்வுல இதுக்குத் தனி மார்க்கே உண்டு.

பிள்ளைங்க ஹாஸ்டல் கண்ணாடி முன்னால நின்னு பழகும். கோலம் போடுற கை சீக்கிரம் படிஞ்சிரும். ஆம்பளப் பிள்ளைங்கதான் பாவம், கிரிக்கெட் ஆடி ஆடி மணிக்கட்டு இறுகிப் போயிருக்கும். வீடியோல இல்லாத எதையாவது வகுப்புல ஒரு மாணவி கேட்டா என்ன செய்யன்னு கேப்பீங்க. அதுக்கும் சொல்லி வச்சிருக்கேன். 'மிக நல்ல கேள்வி. நாளைக்கு யோசித்து வா.' சிரிச்ச முகமாச் சொல்லணும். இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட யோசிச்சுட்டு வந்து திரும்பக் கேட்டதில்ல. அப்ப பாடம் புரிஞ்சிட்டுன்னுதான அர்த்தம்.

இப்படி நல்லாப் போய்ட்டு இருக்கும்போது போன வருஷம் தாளாளர் கூப்பிட்டாரு. உக்காரச் சொல்லல்ல. சார், மெட்ராஸ்ல இருந்து ஒரு டாக்டர் பட்டம் வாங்குன ஆளு உங்க இடத்துக்கு வாரேன்னு சொல்லுது, நான் இன்னும் பதில் சொல்லல்ல, இந்த வருஷம் செய்முறைத் தேர்வுக்கு வெளிய இருந்து மார்க்கு போட வார எக்ஸ்டெர்னல் மேடம் தொழில்நுட்பத்துல பெரிய ஆளாம், அவங்க வாயால நல்ல வார்த்தை வந்தா நீங்க இருங்க, இல்லன்னா கோடை லீவோட பாத்துக்கிடுவோம்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு.

நான் கவலைப்படல்ல. சாப்பாடு இறங்கல்ல, அது வேற விஷயம். எனக்கு வேற வேலை தெரியாது, பாத்துக்கிடுங்க. காலையில கேட்டுக்குள்ள நுழையும்போது வாட்ச்மேன்ல இருந்து எல்லாரும் வணக்கம் சாருன்னு சொல்லுவாங்க. அந்தச் சாரு இல்லன்னா நான் யாரு? வீட்ல என் பொண்டாட்டிகூட என்னைச் சாருன்னுதான் சொல்லுதா. ஆரம்பத்துல கேலியாச் சொன்னா, அப்புறம் அதுவே நிலைச்சிட்டு.

ஆக, எக்ஸ்டெர்னல் முன்னால யாரைப் பாடம் நடத்த விடன்னு தேடுனேன். முப்பிடாதி கை அப்படி ஒரு கை. சங்கரன்கோயில் பிள்ளை, தறிக்காரங்க வீடு. விரல் புள்ளிக்கு முன்னால போகும், ஆனா போறதே தெரியாது. கண்ண மூடிட்டுக்கூடச் செய்வா. ஒரே ஒரு குறை, கேள்வி கேப்பா. ஒரு நாள் எல்லாரும் பழகிட்டு இருக்கும்போது எழுந்திரிச்சு, 'சார், நிஜமாவே இழுத்தா என்ன ஆவும்?'னு கேட்டா.

நான் கோபப்படல்ல. 'நிஜமா இழுக்கிறதுக்கு நாம இங்க வரல்லம்மா. பாடம் நடத்த வந்திருக்கோம்'னேன்.

அவளும் உக்காந்துட்டா. அதுக்கப்புறம் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு அவ மட்டும் போர்டு ரூம்ல நிக்கிறத ரெண்டு மூணு தரம் பாத்தேன். பிள்ளை ஒத்திசைவு பழகுதுன்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம். சாவிய அவகிட்டயே குடுத்துட்டேன். இப்ப யோசிச்சா, அவ என்னத்த நோண்டிட்டு இருந்தாளோ.

தேர்வு நாள் வந்துட்டு. எங்க மேனேஜ்மென்ட் நடத்துற ஸ்கூல் பக்கத்துலதான், அங்க இருந்து ஒன்பதாங் கிளாஸ் பிள்ளைகளக் கூட்டி வந்து உக்கார வச்சோம். எக்ஸ்டெர்னல் மேடம் பேரு டாக்டர் வயலட். ஒல்லியா இருந்தாங்க, பருத்திச் சேலை, காதுல தோடுகூட சின்னதுதான். இவ்வளவு எளிமையா இருக்கவங்கதான் ஆபத்து. கடைசி பெஞ்சுல போய் உக்காந்தாங்க. நான் பக்கத்துல. தாளாளர் ஜன்னலுக்கு வெளிய.

பாடம், அரைவட்டத்துக் கோணம். ஒரு வட்டம், நடுவுல விட்டம், வட்டத்து மேல ஒரு புள்ளி. விட்டத்தோட ரெண்டு முனையையும் அந்தப் புள்ளியோட சேத்தா ஒரு கோணம் வரும்லா, அது தொண்ணூறு. புள்ளிய வட்டத்து மேல எங்க நகத்தினாலும் அதே தொண்ணூறுதான். வீடியோல புள்ளி அப்படியே வலமிருந்து இடமாப் போகும், பக்கத்துல தொண்ணூறு தொண்ணூறுன்னு எழுத்து நிக்கும். முப்பிடாதி விரல் போச்சு பாருங்க, நானே மறந்துட்டேன், இது வீடியோன்னு. மேடம் என்னமோ குறிச்சுக்கிட்டாங்க. எனக்கு வயித்துல பால் வாத்த மாதிரி இருந்துச்சு.

அப்பத்தான் மூணாவது வரிசையில ஒரு பிள்ளை எழுந்திரிச்சா. ரெட்டைச் சடை. 'டீச்சர், புள்ளிய வட்டத்துக்கு உள்ள இழுத்தா?'ன்னா.

முப்பிடாதி சொல்ல வேண்டியது என்ன? மிக நல்ல கேள்வி, நாளைக்கு யோசித்து வா. மூணு மாசம் சொல்லிக்குடுத்திருக்கேன். அவ என்னைப் பாத்தா. நான் தலைய ஆட்டுனேன், சொல்லும்மான்னு. அவ திரும்பிக்கிட்டு வீடியோவ நிறுத்திட்டா. நிறுத்திட்டு, மென்பொருளத் திறந்து, சர்சர்னு ஒரு வட்டம், ஒரு விட்டம், ஒரு புள்ளி. 'வா, நீயே இழு'ன்னுட்டா.

இப்ப அந்தச் சின்ன வளையம் வந்து சுத்தும், தாளாளர் ஜன்னல்ல நிக்காரு, எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன். ஆனா வளையம் வரல்ல. அந்த ரெட்டைச் சடை இழுத்தா. உள்ள வந்ததும் எண்ணு தொண்ணூறைத் தாண்டி ஏறுது. இன்னொருத்தி வந்து வெளிய இழுத்தா, எண்ணு இறங்குது. அப்புறம் என்ன, வரிசையே இல்ல. நானு நானுன்னு எல்லாம் எழுந்து வந்துட்டு. இந்த வட்டம் ஒரு வேலி மாதிரி டீச்சர், அதுல நின்னாத்தான் தொண்ணூறுன்னு ஒருத்தி கத்துதா. மணி அடிச்சுட்டு. மதிப்பீடு நடக்கல்ல, வீட்டுப்பாடம் குடுக்கல்ல, தொகுத்துச் சொல்லல்ல. பாடத்திட்டத்துல பாதிய முப்பிடாதி அம்போன்னு விட்டுட்டா. நான் மனசுக்குள்ள மார்க்கு குறைச்சுட்டே வந்தேன்.

அந்த நேரம் பாத்து மேடம் எழுந்திரிச்சாங்க. 'சார், அந்தப் புள்ளிய விட்டத்து மேலயே கொண்டு வந்தா என்ன ஆகும்? நீங்க வந்து இழுத்துக் காட்டுங்களேன்.'

என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் தம்பி. நூத்தியெண்பது. கோணம் படுத்துரும், நேர்கோடு. நான் நடத்தாத பாடமா. தைரியமாத்தான் போனேன். போர்டு முன்னால நின்னேன், விரலை நீட்டுனேன், மேல இருந்து கீழ, வளைவே இல்லாம, நடுங்காம, விட்டம் வரைக்கும் கொண்டு வந்தேன். அவ்வளவு சுத்தமா என் வாழ்நாள்ல நான் இழுத்ததில்ல. விரல் சரியாத்தான் போச்சு. புள்ளிதான் வரல்ல.

புள்ளி மேலயே நிக்குது. நான் திரும்ப மேல போய் இன்னொரு தரம் வந்தேன். வரல்ல. மேடம் பாத்துட்டு இருக்காங்க. தாளாளர் ஜன்னல் கம்பியப் பிடிச்சுட்டு நிக்காரு. எனக்கு என்ன நடக்குன்னே புரியல்ல. வீடியோ நின்னு போச்சோன்னு தோணுச்சு.

முப்பிடாதி பக்கத்துல வந்தா. மத்தவங்களுக்குக் கேக்காம, ரொம்ப மெதுவா, 'தொடணும் சார்'னா.

தொட்டேன். கண்ணாடி குளுந்து கிடந்துச்சு. இழுத்தேன், கூடவே வந்துட்டு. நூத்திப் பத்து, நூத்தி முப்பது, நூத்தி அறுபதுன்னு என் கைக்குக் கீழயே கோணம் விரியுது. அப்படியே படுத்து நூத்தியெண்பதுன்னு நின்னுச்சு. நான் கைய எடுக்கல்ல. திரும்ப மேல கொண்டு போனேன். திரும்பக் கீழ. பிள்ளைங்க சிரிக்குதுங்க. நானும் சிரிச்சிருக்கேன் போல, அப்புறம் சொன்னாங்க. முப்பது வருஷமா நூத்தியெண்பதுன்னு வாயால சொல்லியிருக்கேன் தம்பி, அது இப்படித்தான் வருதுன்னு அன்னைக்குத்தான் பாத்தேன். அது சரி, அது இப்ப விஷயம் இல்ல.

வெளிய வந்து காப்பி குடிக்கும்போது நான் தலைய நிமித்தல்ல. கோடை லீவுக்கு முன்னாலயே பெட்டியக் கட்டிருவோம்னு இருந்தேன். மேடம் கப்ப வச்சுட்டுத் தாளாளர்கிட்ட சொல்லுதாங்க, 'உங்க சார் செஞ்ச மாதிரி நான் எங்கயும் பாத்ததில்ல. தெரியாத மாதிரி நின்னு, தன் மாணவிகிட்டயே கத்துக்கிற மாதிரி நடிச்சுக் காட்டுனாரு பாருங்க. ஆசிரியருக்குத் தெரியாதது இருக்கலாம்னு பிள்ளைங்களுக்குக் காட்ட எவ்வளவு பெரிய மனசு வேணும்.' தாளாளர் என்னைப் பாத்தாரு. நான் காப்பியப் பாத்தேன்.

முதல்ல எனக்கும் குழப்பமாத்தான் இருந்துச்சு. அப்புறம் உக்காந்து நிதானமா யோசிச்சேன். எவ்வளவு படிச்சவங்க, எத்தனை காலேஜ் பாத்தவங்க, அவங்க தப்பாச் சொல்லுவாங்களா? சொல்ல மாட்டாங்க. அப்ப நான் வேணும்னுதான் செஞ்சிருக்கேன். சில பேருக்கு அப்படித்தான், செய்யிறது செய்யிறவனுக்கே தெரியாது.

மெட்ராஸ் ஆளுக்கு வேண்டாம்னு பதில் போயிட்டு. மேடம் சிபாரிசுல சுத்துப்பட்டுக் காலேஜ் எல்லாத்துல இருந்தும் கூப்பிட ஆரம்பிச்சாங்க, அந்த முறைய வந்து செஞ்சு காட்டுங்கன்னு. நான் அதுக்கும் ஒழுங்கு வச்சேன். முதல்ல வீடியோ, பிறகு கேள்வி, பிறகு மென்பொருள், பிறகு நான் போய்த் தொடாம இழுக்கணும், ரெண்டு தரம், அப்ப மாணவி வந்து தொடணும் சாருன்னு மெதுவாச் சொல்லணும். எல்லாம் சரி, அந்த வார்த்தையச் சொல்ல முப்பிடாதிதான் வேணும். அவ சொன்ன மாதிரி யாருக்கு வரும்? ரிசல்ட்டு வந்து, அவ சொல்லிட்டுப் போக வந்தப்ப கேட்டேன். அம்மா, நீயும் என்கூட வா, பஸ் செலவு, சாப்பாடு எல்லாம் காலேஜே பாத்துக்கிடும், ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னேன்.

'சார், அன்னைக்கு நான் நடிக்கல்லையே'ன்னா.

அதுல என்னம்மா இருக்கு, இப்ப நடின்னேன். சிரிச்சா. கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிட்டா. இப்பக் குருவிகுளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல இருக்காளாம். அங்க போர்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கிரவுண்டுல சுண்ணாம்பால வட்டம் போட்டு, பிள்ளைங்க கையில கயிறைக் குடுத்து, உள்ள வா, வெளிய போன்னு நடக்க விடுதாளாம். டெக்னாலஜி படிச்ச பிள்ளை. எனக்கு வருத்தமா இருந்துச்சு.

சரி, நம்ம கதைக்கு வாரேன். போற காலேஜ்ல எல்லாம் ஒரு மாணவியத் தேடிப் பிடிச்சு அந்த வார்த்தையச் சொல்லச் சொல்லிப் பழக்கிருவேன். ஒப்பேறிரும். ஒருத்தி ரொம்பச் சத்தமாச் சொல்லுவா, ஒருத்தி எழுதி வச்சு வாசிப்பா. என்ன செய்ய. தென்காசியில நேத்து அந்த மாதிரி பழக்கி வச்சிருந்த பிள்ளைக்கு இன்னைக்குக் காய்ச்சல் வந்துட்டு. எனக்கு அது மேடைய விட்டு இறங்கின பிறகுதான் தெரியும்.

அரங்கம் நிறைய ஆளு. பிரின்சிபால் முன் வரிசையில. வீடியோ முடிஞ்சுது, கேள்வி வந்துது, மென்பொருள் திறந்துது. நான் போய் நின்னேன். விரலை நீட்டி, ஒரு அரிசி இடைவெளி விட்டு, மேல இருந்து விட்டம் வரைக்கும் இழுத்தேன். புள்ளி வரல்ல. வரக் கூடாதுல்லா. திரும்ப இழுத்தேன். காத்துட்டு நின்னேன். யாரும் வரல்ல.

மூணாவது தரம் இழுத்தேன். நாலாவது. பின்னால பேனா ஓடுற சத்தம் கேக்குது. திரும்பிப் பாத்தா, எல்லாரும் குனிஞ்சு எழுதிட்டு இருக்காங்க. முன் வரிசையில ஒரு பிள்ளை பேனாவ வச்சுட்டு, என்னைப் பாத்து, விரலைக் காத்துல நீட்டி மேல இருந்து கீழ கொண்டு வருது. அடுத்து பக்கத்துப் பிள்ளை. அப்புறம் வரிசை வரிசையா அத்தனை பேரும், ஒரே மாதிரி, ஒரே வேகத்துல. அவ்வளவு அருமையான ஒத்திசைவ நான் எங்க காலேஜ்லகூடப் பாத்ததில்ல.

ஆனா ஒண்ணு தம்பி. அத்தனை பேர்ல ஒருத்தர், ஒருத்தரே ஒருத்தர், சார் புள்ளி நகரல்லன்னு சொல்லல்ல. கண்ணு முன்னால நிக்குது புள்ளி. தூங்கிட்டு இருந்தா சரி. எல்லாரும் முழிச்சுட்டுத்தான் இருந்தாங்க. முப்பிடாதி எங்கயாவது பின்னால நிக்க மாட்டாளான்னு நான் வாசலையே பாத்தேன். அப்புறம் பிரின்சிபால் எழுந்து கைதட்டுனாரு, எல்லாரும் தட்டுனாங்க, பொன்னாடை வந்துட்டு.

நீங்க நினைக்கிறது எனக்குத் தெரியுது. அவங்க சொல்லாட்டி என்ன, நீங்களே தொட்டிருக்கலாமேன்னு நினைக்கீங்க. தொட்டிருக்கலாம். விரலுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஒரு அரிசிதான். ஆனா யாரும் வந்து சொல்லாம, நான் பாட்டுக்கு எப்படித் தம்பி தொடுறது?